படத்தின்மேல் படம்: சிலாங்கூர் ஆற்றங்கரை தந்த மருத்துவப் பாடம்

குருடர்கள் யானையைத் தடவிப் பார்த்த கதையை நாம் இளமையிலேயே படித்திருக்கிறோம். காலைத் தொட்டவன் தூண் என்றான்; காதைத் தொட்டவன் முறம் என்றான்; வாலைத் தொட்டவன் துடைப்பம் என்றான். அரைகுறை அறிவின் இழிவைக் காட்டுதற்கே இக்கதை பெரும்பாலும் கூறப்படும். ஆயின் சற்றே நின்று எண்ணின், அவர்களுள் ஒருவனும் பொய் கூறவில்லை என்பது விளங்கும். கால் தூண் போன்றதே; காது முறம் போன்றதே. குறை எங்கே நேர்ந்ததெனின், தான் எவ்விடத்தில் நின்று தொட்டான் என்பதை எவனும் சொல்லவில்லை. பிறன் நின்ற இடத்தைக் கேட்கவும் இல்லை. நின்ற இடங்களை ஒழுங்காகக் குறித்திருப்பின், அக்கூற்றுகளை ஒட்டியே ஒரு யானையை அமைத்திருக்கலாம்.

இன்றைய பெரிய மருத்துவமனைகளில் நாள்தோறும் நடைபெறும் வேலை ஒன்று இத்தகையது. நோயாளி ஒருவரின் உடலைப் பல கருவிகள் பல வகையாகப் படம் பிடிக்கின்றன. சி.டி. படம் எக்ஸ்-கதிர்களால் எடுக்கப்படுவது. எலும்பை அது தெளிவாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. படம் காந்த ஆற்றலால், உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனைக் கொண்டு அமைவது. மூளை, தசை முதலிய மென்மையான உறுப்புகளின் வேறுபாடுகளை அது நன்கு காட்டும். பெட் படம் எடுப்பதற்குச் சர்க்கரை போன்ற ஒரு பொருளில் சிறிதளவு கதிரியக்கம் ஏற்றி உடலுள் செலுத்துவர். அதனை மிகுதியாக உட்கொள்ளும் இடங்கள் படத்தில் ஒளிரும். புற்றுக் கட்டிகள் பல அவ்வாறு ஒளிர்வன. ஆனால் அந்த ஒளி எந்த உறுப்பின் எந்த மூலையில் விழுகிறது என்பதைப் பெட் படம் தனித்து நின்று தெளிவாகக் கூறாது.

ஆகவே, ஒரு படத்தை மற்றொன்றின்மேல் இம்மியும் பிசகாமல் வைத்துப் பார்க்க வேண்டியதாகிறது. இதனைப் படப்பொருத்தம் எனலாம். பொருத்திய பின்னர் இரண்டையும் ஒரே படமாகக் கலந்து காட்டுவது அடுத்த படி. கலத்தல் எளிது, பொருத்துதலே அரிது. பொருந்தாமல் கலந்த படம், கலக்காத படத்தினும் தீயது. ஏனெனில், தனிப்படம் தன் குறையைத் தானே காட்டி நிற்கும். பிழையாகக் கலந்த படமோ நிறைவானது போலத் தோன்றி ஏமாற்றும்.

இக்கலை கணினியோடு பிறந்தது என்று பலர் எண்ணுவர். கணினியின்றி இன்றைய வடிவில் அஃது இயலாது என்பது உண்மையே. எனினும், பல வழிகளாற் கண்டவற்றை ஓரிடத்தில் பொருத்தி நோயின் இருப்பிடத்தை அறியும் சிந்தனை கணினிக்கு முற்பட்டது. அதற்குத் தக்க சான்று நம் சிலாங்கூர் மண்ணிலேயே உண்டு. அங்கே ஆராயப்பட்டது ஓர் உடல் அன்று, ஒரு நிலம். அந்நிலத்தில் பால்மரம் சீவிக் காய்ச்சலில் வீழ்ந்தவருட் பெரும்பாலோர் தமிழர்.

ஓர் ஆறு, மூன்று நிலம்

சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைக்கு அருகிலுள்ள உயர்ந்த குன்றுகளில் தோன்றுகிறது. கோலகுபு வழியாக இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தை என்று நெடுங்காலம் வழங்கப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, மலாவத்திக் குன்றின் அடியில் கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையோடு கலக்கிறது. மேற்பகுதியில் ஓடைகள் நிறைந்த குன்று நிலம். நடுவில் சதுப்பும் காடும் மண்டிய சமவெளி. முடிவில் உவர்நீர் ஏறி இறங்கும் அலையாத்திக் கரை. ஒரே ஆறு, மூன்று நிலம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மூன்று நிலங்களிலும் காடு வெட்டப்பட்டது. காப்பித் தோட்டங்கள் நலிய, ரப்பர் தோட்டங்கள் பெருகின. கெர்லிங், களும்பாங் ஆகிய உட்பகுதிகளிலும், புக்கிட் ரோத்தான், ஜெராம் ஆகிய கடலோரப் பகுதிகளிலும் தமிழர் குடியேறினர். 1910 வரை ஒப்பந்தக் கூலிகளாகவும், கங்காணிகள் வழியாகவும் வந்தவர்கள் அவர்கள். காடு வெட்டிய கையோடு காய்ச்சலும் வந்தது. கொய்னாக் கசப்பை அறியாத லயம் அக்காலத்தில் இல்லை எனலாம்.

1901-இல் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானில் மாவட்ட மருத்துவராக அமர்ந்தார். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டு அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிள்ளான் நகரிலும், அவ்வாண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சல் மிகக் கடுமையாக இருந்தது. வாட்சனின் வேண்டுகோளின்படி சதுப்புகள் வடிக்கப்பட்டன, காடு விலக்கப்பட்டது, காய்ச்சல் விரைவிற் குறைந்தது. பின்னர் அவர் நோக்கம் தோட்டங்களின் பக்கம் திரும்பியது. கிள்ளானுக்கு வடக்கே கோலசிலாங்கூர் வரை நீளும் கரையும் அதே சமவெளியின் தொடர்ச்சியே ஆகும்.

நான்கு சாட்சிகள்

நோயின் இருப்பிடத்தை அறிய அக்கால மருத்துவர்க்கு நான்கு வழிகள் இருந்தன.

முதலாவது, நிலப்படம். காடு எங்கே முடிகிறது, ஓடை எங்கே ஓடுகிறது, லயம் எங்கே நிற்கிறது என்பவற்றை நில அளவையாளர் வரைந்து தந்தனர்.

இரண்டாவது, மண்ணீரல். மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கினால் மண்ணீரல் வீங்கும். குழந்தையின் இடப்பக்க விலாவின்கீழ் விரல்களை வைத்து அழுத்தினால் அவ்வீக்கம் கைக்குத் தட்டுப்படும். இம்முறை 1840-களிலேயே இந்தியாவில் டெம்ப்ஸ்டர் என்பவரால் கையாளப்பட்டது. நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் உண்டு என்று எண்ணினால், அவ்விடத்தின் காய்ச்சல் அளவு தெரியவரும். பெரியவர்களை விடுத்துச் சிறுவர்களைச் சோதித்ததற்குக் காரணம் உண்டு. நேற்றுக் கப்பலிறங்கிய தொழிலாளியின் மண்ணீரல் எந்த ஊர்க் காய்ச்சலைச் சொல்கிறது என்று கூற இயலாது. லயத்திலேயே வளர்ந்த குழந்தையின் மண்ணீரலோ அந்த லயத்தின் வரலாற்றையே சொல்லும்.

மூன்றாவது, குருதி. விரல் நுனியிற் குத்தி எடுத்த ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி உருப்பெருக்கியில் நோக்கினால் கிருமியே கண்ணுக்குத் தெரியும். கோலாலம்பூரில் 1900-இல் அமைந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய ஆய்வுகளுக்குத் துணையாய் நின்றது.

நான்காவது, கொசு. குட்டைகளிலும் ஓடைகளிலும் புழுக்களைத் தேடி எடுத்து இன்ன இனம் என்று தெளிவர். லயத்திற் பிடித்த கொசுவை அறுத்துப் பார்த்து, அதனுள் கிருமி உளதா என்றும் காண்பர்.

இந்நான்கும் ஒன்றையே கூறுவன அல்ல. மண்ணீரல் கடந்த மாதங்களையும் ஆண்டுகளையும் கூறும்; குருதி இன்றைய நிலையைக் கூறும்; கொசு நோய் வரும் வழியைக் கூறும்; நிலப்படம் அவ்வழியின் இடத்தைக் கூறும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க, எல்லாவற்றிற்கும் பொதுவான ஒரு குறி வேண்டும். அந்தப் பொதுக்குறி லயமே ஆயிற்று. குழந்தை உறங்குவது அங்கே. கொசு கடிப்பது அங்கே. நிலப்படத்தில் அசையாமல் நிற்பதும் அதுவே. லயத்திலிருந்து சதுப்புக் காடு எவ்வளவு தொலைவு என்று அளந்து, அந்த அளவின் அருகே மண்ணீரல் விழுக்காட்டை எழுதியபோது உண்மை வெளிப்பட்டது. காட்டை ஒட்டிய லயங்களில் வீக்கம் மிகுதி. ஏறத்தாழ அரை மைல் விலகிய லயங்களில் மிகக் குறைவு. சமவெளித் தோட்டங்களுக்கு அதுவே வழிகாட்டியாயிற்று: காட்டை அகற்றுக, சதுப்பை வடித்திடுக.

மலை தந்த மறுப்பு

இந்த அறிவுரை சமவெளியில் வென்றது. மலையிலே அது தோற்றது. தோற்றது மட்டுமன்று, தீங்கும் செய்தது.

குன்றுத் தோட்டங்களிற் காடு அகற்றப்பட்டது, கால்வாய் வெட்டப்பட்டது. ஆயினும் குழந்தைகளின் மண்ணீரல் சுருங்கவில்லை, காய்ச்சலும் ஓயவில்லை. காரணம் கொசுவின் இனத்தில் இருந்தது. சமவெளியின் நோய்க்குப் பொறுப்பெனக் கருதப்பட்ட அனாபிலிஸ் அம்புரோசஸ், காட்டு நிழலிலே தேங்கிய நீரில் வளர்வது. நிழலை அகற்றி நீரை வடித்தால் அது மறையும். குன்றுகளின் நோயைச் சுமந்த அனாபிலிஸ் மாக்குலேட்டஸோ, வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்புவது. காடு மூடியிருந்த ஓடையில் அதற்கு இடமில்லை. காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டவன் மனிதனே. தூய்மையாக வெட்டிய கால்வாயும் அக்கொசுவுக்குத் தொட்டிலாயிற்று. இனி, ஆற்றின் முகத்துவாரத்திலோ மூன்றாவது நிலை. அங்கே அலையாத்தி மரங்களை வெட்டி, கடல்நீரைத் தடுக்காமல் விட்டால், உவர்நீர்க் குட்டைகளில் அனாபிலிஸ் சுண்டைக்கஸ் பெருகும்.

ஒரு நிலத்தின் மருந்து மற்றொரு நிலத்தின் நஞ்சாயிற்று. சமவெளியில் வரைந்த படத்தை எடுத்து, பொருத்தம் பாராமல் மலைமேல் விரித்ததன் விளைவு அது. அதற்கு விலை கொடுத்தவர்கள் லயங்களில் உறங்கிய மக்கள். வாட்சன் இவ்வேறுபாட்டை மறைக்காமல் 1911-இல் வெளியான தம் நூலில் விரித்து எழுதினார். கொசு இனத்தைக் கண்டறிந்த பின்னரே நிலத்தில் கைவைத்தல் வேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு உருவாயிற்று. குன்றுகளில் ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களுக்குள் மறைத்தல், எண்ணெய் தெளித்தல் ஆகிய முறைகள் பின்னர் வந்தன.

கதை அத்துடன் முடியவில்லை. சமவெளியில் அம்புரோசஸ் என்று ஒரே பெயரால் வழங்கப்பட்டவற்றுள் வேறு இனங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றைப் பிரித்து, 1944-இல் அனாபிலிஸ் லெட்டிபர் என்று பெயரிட்டவர் சந்தோசம் என்னும் அறிஞர். மேலும், அம்புரோசஸ் கூட்டத்துக் கொசுக்களை அறுத்துப் பார்த்தபோது உள்ளே மலேரியாக் கிருமி காணப்பட்டது. மனிதனின் கிருமியே அது என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. அவற்றுட் பல சுமந்தது காட்டிலுள்ள சருகுமானின் மலேரியாவாகவே இருத்தல் கூடும் என்று, சந்தோசமும் பங்கு கொண்டு 1963-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. கிருமி இருந்தது உண்மை. கொசு லயத்தருகே இருந்தது உண்மை. குழந்தைக்குக் காய்ச்சல் இருந்ததும் உண்மை. மூன்றும் ஓரிடத்தில் கூடியமையால் மூன்றும் ஒரே கதை என்று முடிவு கட்டியதே பிழை.

நிலத்திலிருந்து உடலுக்கு

நிலத்திற் கண்ட இவ்விரு பாடங்களையும் மனத்திற் கொண்டு உடலின் பக்கம் திரும்புவோம். உடலைப் பொருத்தியவர்களும் இதே வரிசையில்தான் கற்றனர்.

முதலில் தேடியது பொதுக்குறியே. 1908-இல் ஹார்ஸ்லி, கிளார்க் என்னும் இருவர், விலங்கின் தலையில் ஒரு சட்டத்தை இறுக்கி, மூளையின் எவ்விடத்தையும் அச்சட்டத்திலிருந்து அளந்து கூறும் முறையை வெளியிட்டனர். 1949-இல் ஸ்வீடன் நாட்டு லெக்செல் மனிதர்க்கு ஏற்ற ஒரு சட்டத்தை அமைத்தார். தோட்டத்தில் லயம் நின்ற இடத்தில் இங்கே சட்டம் நின்றது. 1971 அக்டோபர் முதல் நாளன்று லண்டனில் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த கருவியில் முதல் நோயாளிக்குச் சி.டி. படம் எடுக்கப்பட்டது. 1973-இல் லாட்டர்பர் காந்த முறைப் படத்தை வெளியிட்டார். ஒரே தலைக்கு இரு வேறு படங்கள் கிடைத்த பின், அவற்றைப் பொருத்தும் தேவை பெருகியது.

ஒவ்வொரு நோயாளியின் மண்டையிலும் சட்டத்தைத் திருகி இறுக்குதல் இயலாது. ஆகவே சட்டமின்றிப் பொருத்தும் வழியைத் தேடினர். 1989-இல் சிகாகோ நகரத்து ஆய்வாளர் சிலர் ஒரு படத்தில் தலையின் மேற்பரப்பை வரைந்து, மற்றொரு படத்தில் வரைந்த மேற்பரப்பைத் தொப்பி போல அதன்மேற் கவிழ்த்துப் பொருத்தினர். நல்ல வழியே, ஆயின் மேற்பரப்பை முதலில் வரைந்தெடுக்க வேண்டும் என்னும் தொல்லை இருந்தது.

இதனைக் கடந்த முறை 1995-ஐ ஒட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்திலும் தனித்தனியே தோன்றியது. அதன் கருத்தை ஆசிரியர்கள் எளிதில் மாணவர்க்கு விளக்கலாம். சி.டி. படத்தில் எலும்பு வெள்ளை; எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்பின் கெட்டியான ஓடு கறுப்பு. எனவே, வெள்ளையோடு வெள்ளையைப் பொருத்துதல் பயன்படாது. ஒரு தமிழ் நூலும் அதன் மலாய் மொழிபெயர்ப்பும் வரிக்கு வரி நம்முன் இருப்பதாகக் கொள்வோம். மலாய் அறியாதவரும் ஒன்றைக் கவனிக்கலாம். தமிழில் மழை என வரும் வரிகளிலெல்லாம் எதிர்ப்பக்கத்தில் ஹூஜான் என்ற ஒரு சொல் வருகிறது. ஓசை வேறு, எழுத்து வேறு; ஆயின் உறவு மாறவில்லை. ஒரு பக்கத்தை ஒரே ஒரு வரி கீழே தள்ளி வைத்தால் அவ்வுறவு சிதறிப்போகும். உறவு எந்த நிலையில் மிக உறுதியாக நிற்கிறதோ, அந்த நிலையே சரியான பொருத்தம். ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை எவ்வளவு ஊகிக்கலாம் என்பதை எண்ணால் அளக்கும் கணக்கை 1948-இல் ஷானன் என்பவர் தொலைத்தொடர்புக்காக வகுத்திருந்தார். அக்கணக்கே இங்குப் படங்களுக்குப் பயன்பட்டது. கறுப்பும் வெள்ளையும் ஒத்திருக்க வேண்டுவதில்லை. மாறாத உறவு இருந்தாற் போதும்.

இனி, பொருத்தம் சரியா என்பதை யார் கூறுவது? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 1997-இல் வெளியிட்ட ஒப்பாய்வு இதற்கு நேர்மையான வழி காட்டியது. அறுவை மருத்துவத்திற்காக மண்டையெலும்பிற் குறிகள் பதிக்கப்பெற்ற நோயாளிகளின் படங்களை எடுத்து, அக்குறிகளைப் படத்திலிருந்து அழித்துவிட்டுப் பல இடத்து ஆய்வாளர்க்கும் அனுப்பினர். விடையை மறைத்து வினாவை மட்டும் தந்தது போன்றது இது. அவரவர் பொருத்திய பின், மறைத்து வைத்த குறிகளைக் கொண்டு மதிப்பிட்டனர்.

மூச்சு செய்யும் பிழை

1998-இல் பிட்ஸ்பர்க் நகரில் டவுன்சென்ட், நட் ஆகியோர் முயற்சியால் பெட், சி.டி. இரண்டையும் ஒரே கருவியில் இணைத்த முதல் அமைப்பு பணி தொடங்கியது. நோயாளி எழுந்து இடம் மாறாமையால் பொருத்தம் தானே அமையும் என்று தோன்றலாம். ஆனால் உயிருள்ள உடல் அசைவது. சி.டி. படம் சில நொடிகளில் முடிந்துவிடும். பெட் படத்துக்குப் பல நிமிடங்கள் வேண்டும். அதற்குள் நோயாளி எத்தனையோ முறை மூச்சை உள்வாங்கி வெளிவிடுவார். ஒவ்வொரு மூச்சுக்கும் கல்லீரல் ஏறி இறங்கும். இதனால், கல்லீரலின் உச்சியிலுள்ள ஒரு புற்றுக் கட்டி, கலந்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதியில் இருப்பது போலத் தோன்றுதல் உண்டு. ஒளி உண்மை, நுரையீரல் உண்மை, ஒளி நுரையீரலில் உளது என்பது மட்டும் பொய். சருகுமானின் கிருமியை மனிதனதாகக் கொண்ட பிழைக்கும் இதற்கும் உறவு உண்டு. ஆகவேதான், தேர்ந்த மருத்துவர் கலந்த படத்தை மட்டும் நம்பாமல் தனிப்படங்களையும் அருகில் வைத்துப் பார்க்கிறார்.

எப்படத்திலும் விழாதவை

மலேசியத் தீபகற்பத்தில் 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மனிதரிடையே பரவும் மலேரியா உள்நாட்டிற் பற்றுவது 2018 முதல் காணப்படவில்லை. குரங்கிடமிருந்து வரும் மலேரியா மட்டும் காட்டோரங்களில் இன்னும் உண்டு. தோட்டங்களும் மாறின. ரப்பர் நின்ற இடங்களிற் பெரும்பாலும் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் குடியிருப்புகளாயின. லயங்கள் பல மறைந்தன.

வாட்சனின் நான்கு சாட்சிகளும் சேர்ந்து கொசுவைக் காட்டிக்கொடுத்தன. ஆயினும் அந்நான்கிலும் விழாதவை உண்டு. குழந்தையின் மண்ணீரல் எண்ணப்பட்டது. அக்குழந்தையின் பெயர் எண்ணிக்கையில் இல்லை. கூலியின் அளவு, உணவின் அளவு, காய்ச்சலோடு பிரட்டுக்குப் போனவளின் துயரம் ஆகியவை எந்தப் படத்திலும் பதியவில்லை. எத்தனை படங்களைச் சேர்த்தாலும், ஒன்றிலும் பதியாதது சேர்ந்த படத்திலும் வராது.

அக்குறையைச் சிறிதேனும் நிரப்பும் வாய்ப்புத் தமிழாசிரியர்களுக்கு உண்டு. கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரங்களில் லயத்தில் பிறந்து வளர்ந்த முதியோர் இன்றும் வாழ்கின்றனர். பழைய நில அளவைப் படம் ஒன்று. தோட்டத்துப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்று. முதியோர் சொல்லும் நினைவு ஒன்று. இம்மூன்றையும் மாணவரைக் கொண்டு ஒரே தாளிற் பொருத்தலாம். அதற்கு முன் பொதுக்குறியை ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும். கோயில் நல்ல குறியெனத் தோன்றும். ஆனால் தோட்டம் விற்கப்பட்டபோது கோயில்கள் சில இடம் பெயர்ந்தன. ஆற்று வளைவும் காலப்போக்கில் நகர்வதுண்டு. புகைவண்டிப் பாதையும் குன்றும் அவற்றினும் உறுதியானவை. ஒரே குறியை நம்பாமல் இரண்டு மூன்றைக் கொள்வது நலம். நினைவும் ஏடும் முரண்படும் இடத்தில் ஒன்றை அழித்துவிடாமல் இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். முரண்பாடே சில வேளைகளில் புதிய செய்தியைத் தரும். லயம் இருந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டவல்லவர் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குதல் நன்று.